கெங்கம்மா அளந்த ஆள்

கெங்கம்மாவின் டீக்கடைக்கு அன்புக்கரசி வந்தபோது பெஞ்சில் பேச்சு நின்றது. கடைக்காரியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்ப்பாளா? அவள் புருஷன் வரதனைக் கொலைக் கேசில் உள்ளே தள்ளியதே கெங்கம்மாவின் வாய்தானே.

"பாய், எங்கூட்டுக்காரர் யாரையும் அடிக்கல. ஆறடி நாலங்குலம் வளந்ததுதான் அவரு செஞ்ச தப்பு" என்றாள் மதார் சாகிப்பிடம்.

கண்டெய்னர் பெட்டிகளை அளந்தே நாற்பது வருடம் ஓட்டிய மதார் சாகிப் டீயை நிதானமாக ஆற்றினார். "இன்னா பாத்த, கெங்கம்மா?"

எண்ணூர் முழுக்கக் கேட்ட கதைதான். சொல்ல அவளுக்கு அலுக்கவில்லை.

"மொட்டமாடில கருவாடு அள்ளிகினு இருந்தேன் பாய். இருட்டப் போற நேரம். எதிர்த்தாப்ல கண்டெய்னர் யார்டு சுவரோரமா அங்க இருக்குற வாட்ச்மேன் காஜா மொய்தீன ஒருத்தன் போட்டு அடிக்கிறான். மூஞ்சி தெரியல. பின்னால செவப்பா, மொழுக்குன்னு, ஒரு கோடு கூட இல்லாத பொட்டி. அவன் தலை அதுல மூணுல ரெண்டு பங்குக்கு வந்துச்சு. குடிகாரச் சண்டைன்னு எறங்கிட்டேன். காலைல பாத்தா கால்வாய்ல பொணம்."

யார்டு சூப்பர்வைசர் கைகாட்டிய பெட்டியைப் போலீஸ் அளந்தது. ஒன்பதரை அடி. மூன்றில் இரண்டு என்றால் ஆறடி நாலங்குலம். யார்டில் அந்த உயரத்துக்கு வரதன் ஒருவன்தான்.

மதார் சாகிப் மாடிக்குப் புறப்பட்டார். துப்பறியும் குஷியில் கெங்கம்மா அவருக்கு முன்னால் ஏறினாள். சிவப்புப் பெட்டி அங்கேயே நின்றது. மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள்.

"அன்னிக்கு இந்தப் பட்டை இருந்துச்சா?"

"இல்ல பாய், மொழுக்குன்னுதான்..." கெங்கம்மா மெதுவாகப் பேசினாள். அந்த வாய்க்கு அது புதுப் பழக்கம்.

"பாலத்துல இடிக்கக்கூடாதுன்னு ஒன்பதரை அடிப் பொட்டிக்குப் போடுற பட்டை இது. எட்டரை அடிக்குக் கெடயாது. சுவரோரம் எப்பவும் ஒசரப் பொட்டிதான் நிக்கும், உன் கண்ணு அதுக்கே பழகிடுச்சு. அன்னிக்கு நின்னது குட்டை. அதனால பக்கத்துல நின்னவன் நெட்டையாத் தெரிஞ்சான். எட்டரைல மூணுல ரெண்டு, அஞ்சடி எட்டங்குலம்."

"அப்போ பொட்டிய மாத்துனது யாரு பாய்?"

"சண்டையப் பத்தி அன்னிக்கு ராத்திரியே யார்கிட்ட சொன்ன?"

"டீ குடிக்க வந்தவங்க எல்லார்கிட்டயும்..." குரல் இறங்கியது. "சூப்பர்வைசர் அறிவுதான் ரெண்டாந் தடவ சொல்லச் சொன்னாரு. ரெண்டு பங்கா, நல்லாப் பாத்தியான்னு கேட்டாரு."

யார்டு ஆபீசில், பெட்டி நகர்த்தியதற்கான கிரேன் சீட்டு தெளிவாக இருந்தது. பிணம் கிடைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, காலை ஐந்தரைக்கு, சுவரோரப் பெட்டி மாற்றம். கையெழுத்து, அறிவு.

இன்ஸ்பெக்டர் முன்னால் அறிவு சிரித்தான். "பொட்டி மாத்துறது என் வேலை பாய்."

"வேலைதான். போலீஸ் வந்ததும், ராத்திரியெல்லாம் நின்னது இதான்னு கை காட்டுனியே, அதுவும் வேலையா?"

அஞ்சடி எட்டங்குல அறிவு சிரிப்பை நிறுத்தினான். பெட்டிப் பூட்டின் முத்திரையை உடைத்துச் சரக்கு திருடியதைக் காஜா மொய்தீன் பார்த்துவிட்டார், அதனால்தான் அடித்தேன் என்று சாயந்திரத்துக்குள் ஒப்புக்கொண்டான்.

பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வரதன் வெளியே வந்தான். பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு டீக்கடையைத் தாண்டிப் போனான்.

"இன்னாக்கா, நெட்டையன் எப்டி கீறான்?" என்றது பெஞ்சு.

அரையடி குறைந்த மாதிரி தெரிந்தான். கெங்கம்மா சொல்லவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை பக்கத்தில் பெட்டி எதுவும் இல்லை.