பக்க வேர்

வேர்வண்டுகள் மறுபடியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, நெஞ்சுயரத்துக்குச் சுவராக நின்றன. ராக்கு முட்டிப் பார்த்தாள். அவை வலிக்காமல், கீறாமல், அவளை வயலுக்குள்ளேயே திருப்பித் தள்ளின.

“தளிர் ஏழு. தடுக்கப்பட்டது. வேரில் மிச்சமுள்ள வலு, பாதி” என்றது வண்டுகளை இயக்கும் வரப்போரத்துக் காவல்கம்பம்.

“எந்தத் தளிர ஆத்தா சொல்லுது அது?” என்றார் கிடைக்காரர் சேவுகன். அவருடைய இருநூறு ஆடுகளும் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன.

“என்னையத்தான்ணே. வெளிய போக ஏழு தரம் பாத்தேன்ல.”

சீமைக் கருவேலத்தை அந்த ஊர் மருந்தில்லாமல் ஒழித்தது இந்த வண்டுகளால்தான். ஆமையளவு எந்திரங்கள். மண்ணுக்குள் போய்த் தூரைக் கடிக்கும். மறுபடி துளிர்த்தால் மறுபடி கடிக்கும். இலை விட வழியில்லாமல் வேர் தன் சேமிப்பைத் தின்று தின்று பட்டினியில் சாகும். பன்னிரண்டு வருடம் ஆனது. நடுவில் கரிமூட்டம் போடுகிறவர்கள் தூரை விட்டுவைக்கச் சொல்லி வண்டுகளை இரண்டு முறை நிறுத்திவிட்டார்கள். கோபத்தில், ஊர்க் குழுத் தலைவியான ராக்குதான் விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: விதை இருக்கும் இடத்தை விட்டு எதுவும் வெளியேறக் கூடாது, யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டுமானால் அவளே மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும்.

சுத்தமான நிலத்துக்கு எரு வேண்டுமென்று வயலில் ஆட்டுக்கிடை போடச் சொன்னதும் அவள்தான். ஆடுகள் கிழக்கே கருவேல நெற்று தின்றுவிட்டு வந்தவை. புழுக்கை முழுக்க விதை. காலையில் கஞ்சி கொண்டுவந்த ராக்குவையும் சேர்த்து வண்டுகள் வளைத்துவிட்டன. அது முந்தாநாள்.

“விதை எத்தனை நாளைக்கு உசுரோட கெடக்கும்?”

“பத்து வருசம்” என்றாள் ராக்கு.

சேவுகன் சிரித்தார். “அப்ப எனக்கு இங்கயே கல்லு நட்டுருங்க.” சிரிப்பு இருமலில் முடிந்தது. தண்ணீர்த் தொட்டி நேற்றே வறண்டுவிட்டது. ஒரு கிடாக்குட்டி மடங்கிப் படுத்தது, எழவில்லை.

வரப்பில் அவள் புருஷன் பூமிநாதன், தோளில் குடம்.

“ராக்கு! தள்ளி நில்லு, இறக்கித் தாரேன்.”

“வேணாங்க! கிட்ட வராதீங்க!”

“ரெண்டு நாளா ஆபீசுக்குப் போனப் போட்டுப் பாத்தாச்சு. நேர்ல வரச் சொல்லுங்கிறான். அதுவரைக்கும் தண்ணியில்லாம காயப்போறியா?”

அவன் குடத்தைச் சுவருக்கு மேலே நீட்டினான். ராக்குவின் கை அவளைக் கேட்காமலே நீண்டு வாங்கிவிட்டது. அவள் குடித்தாள். குடித்தபிறகுதான் அவன் காலடியில் மண் குமிழிடுவதைப் பார்த்தாள்.

“பக்க வேர் ஒன்று கண்டறியப்பட்டது” என்றது கம்பம். “நீர் செல்லும் வழி அடைக்கப்படுகிறது.”

அவனுக்குப் பின்னாலும் சுவர் எழுந்தது.

“அடப்பாவி, என்னையுமா!” பூமிநாதன் வண்டை எட்டி உதைத்தான். அது பொறுமையாகத் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

ஊர்ப்பக்கம் பேச்சுக்குரல். ராக்குவின் நாத்தனார், கொழுந்தன்கள், எதிர்வீட்டுக்காரிகள், ஆளுக்கொரு குடத்துடன் வரப்பேறி வந்தார்கள்.

“வராதீங்க! உங்களையும் வேருங்கும்! திரும்பிப் போங்க!” தொண்டை கிழியக் கத்தினாள்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றாள் நாத்தனார், நடையை நிறுத்தாமல். “எங்கண்ணனும் நீயும் நாக்கு வறண்டு கெடப்பீக, நாங்க வீட்டுல சோறு திங்கவா? வளைச்சா வளைக்கட்டும். எங்களத் திரும்பிப் போகச் சொல்ல ஒனக்கு எம்புட்டு ஏத்தம்!”

முதல் குடம் கைமாறியது.

“பக்க வேர் பதினாறு” என்றது கம்பம். சற்றே தயங்கியது. “வலு தவறாகக் கணிக்கப்பட்டது. இது ஒற்றைச் செடியன்று.”

வயலைச் சுற்றியிருந்த சுவர் கலைந்தது. விட்டுவிட்டன என்று ராக்கு ஒரு கணம் நம்பினாள். வண்டுகள் அவர்களைக் கடந்து, வீடுகளைக் கடந்து, ஊர் எல்லைக் கல் வரை வரிசையாக ஊர்ந்து போய், அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கின.