ஊர் மெச்சிய நோன்பு

"எழும்பு மகள்... வெயில் வாசல் முத்தத்துக்கு வந்திட்டு. மாப்புள கடைக்குப் போக முந்தி ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கவும் ஒனக்கு ஏலாவா?"

ஸக்கியா அறை வாசலில் நின்று கேட்டாள். உள்ளே அவள் மகள் றலியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆறு மாத வயிறு போர்வைக்குள் சிறு மேடாகத் தெரிந்தது.

"ஏலா உம்மா," என்றாள் திரும்பாமலே.

கண்டிப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் 'ஏலா' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. என்னால் முடியவில்லை என்பது ஒன்று; மாட்டேன் என்பது மற்றது. எது என்பதைக் குரல்தான் காட்டிக்கொடுக்கும். றலியாவின் குரலிலோ சில வாரங்களாக எதுவுமே இல்லை. அவள் முதலாவதைச் சொன்னாள். தாய் இரண்டாவதைக் கேட்டாள்.

"என்ன கொற ஒனக்கு? நல்ல மாப்புள. வயித்தில புள்ள. ஒன்ட வாப்பா மௌத்தான நேரம் நான் இப்பிடிப் படுத்துக் கெடந்தா நீ இன்டைக்கு உசிரோட ஈப்பியா?"

என்ன குறை என்ற கேள்வியை றலியா தானே தன்னிடம் கேட்டுச் சலித்திருந்தாள். குறை ஒன்றும் இல்லைதான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. காரணம் இருந்தால் அதற்காக அழலாம். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தலை வாரவேண்டும் என்று நினைப்பாள். அந்த நினைப்பு கை வரைக்கும் போய்ச் சேராது. சோறு வாயில் கிடக்கும், விழுங்கத் தோன்றாது. பிள்ளை உதைக்கும்போது மற்றப் பெண்கள் வயிற்றில் கைவைத்துச் சிரிப்பதை அவள் கண்டிருக்கிறாள். அவளுக்கோ பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல இருந்தது.

ஸக்கியாவின் கோபத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அவர்கள் குடும்பத்தில் கல்யாணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து சேர்வான். அவன் முகம் சுளித்தால் பழி பெண்ணுக்கு அல்ல, வளர்த்தவளுக்கு. விதவையாக நின்று, கணவன் விட்டுப்போன கொக்கோ வியாபாரத்தை வத்தேகமவில் ஒற்றையாக நடத்தி, மகளுக்கு றவூபைத் தேடிக் கட்டிவைத்தவள் அவள். அவன் கோபித்துக்கொண்டு தெல்தெனியவில் உள்ள தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டால்? அந்தப் பயம்தான் காலையில் ஏச்சாக வெளியே வந்தது.

கொக்கோ வேலையில் ஸக்கியாவை மிஞ்ச ஆள் இல்லை. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு இருக்கும் கொட்டைகளைக் குவித்து, வாழையிலையால் மூடிவைப்பார்கள். இரண்டு நாளில் குவியல் தானாகவே சூடேறும். சதை கரைந்து வடியும். அந்தச் சூட்டில்தான் கொட்டைக்குள் கசப்பு அடங்கி மணம் பிறக்கும். சில குவியல் சூடேறாமலே கிடந்து பூஞ்சணம் பிடித்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஸக்கியா இலையை விலக்கி முழங்கை வரை கையை உள்ளே விடுவாள். எது உயிரோடு இருக்கிறது, எது அணைந்துவிட்டது என்று உடனே சொல்வாள். மகள் விஷயத்தில் அவள் வெளியே நின்றே பார்த்தாள்.

அந்த ஆண்டு, 1933 பிறந்தபோது நோன்பு மாதமும் பிறந்திருந்தது.

கர்ப்பிணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு. பிறகு பிடித்து ஈடுசெய்யலாம். ஸக்கியாவே அதை எடுத்துச் சொன்னாள். றலியா, "நானும் புடிக்கிறேன் உம்மா," என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு மகள் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

றலியாவுக்கு அது பக்தியாக வரவில்லை. சாப்பிடு, சாப்பிடு என்று ஒரு மாதம் யாரும் சொல்லமாட்டார்களே என்ற ஆறுதல்தான்.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். நேற்றுவரை குற்றமாக இருந்த ஒவ்வொன்றும் புண்ணியமாக மாறிற்று. அவள் சாப்பிடவில்லை, நோன்பாளி. பேசவில்லை, வீண்பேச்சைத் தவிர்க்கிறாள். பகலில் படுத்தே கிடந்தாள், பாவம், களைப்பு. உதடு வெடித்து, கண் உள்ளே போய், கை எலும்பு தெரிய ஆரம்பித்ததும் ஊர்ப் பெண்கள் அதையும் மெச்சினார்கள். பக்கத்து வீட்டுக் கைரியா தன் மகள்களுக்கு றலியாவை உதாரணம் காட்டினாள். ஸக்கியா போகிற வீடெல்லாம் மகளின் நோன்பைப் பற்றிப் பேசினாள். றவூபும் கடையில் வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டான். வீட்டில் ஏச்சு நின்றது. ஒரு நோயை இவ்வளவு மரியாதையாக மூடிவைக்க வேறு எந்த மாதத்தாலும் முடிந்திருக்காது.

நோன்பு முடிந்த பெருநாள் காலையில் புதுச் சட்டை றலியாவின் தோளில் நிற்காமல் நழுவியது. "நோன்பில மெலிஞ்சிட்டா," என்று சிரித்துக்கொண்டே ஸக்கியா ஊசி குத்திவிட்டாள்.

பெருநாள் முடிந்து சில வாரங்களில், எட்டாம் மாதத்திலேயே, வலி வந்துவிட்டது.

கண்டியிலிருந்து மருத்துவிச்சி இராசமணியை றவூப் கூட்டிவந்தான். யாழ்ப்பாணத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள். பிறந்தது பெண் குழந்தை. அழுகை பூனைக்குட்டியின் முனகலாக இருந்தது. இராசமணி அதைப் பஞ்சில் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே வைத்தாள். கொழுப்பில்லாத சிசுவுக்குத் தன் சூட்டைத் தானே பிடித்துவைக்கத் தெரியாது என்று விளக்கினாள். பாலும் தானாக வராது, பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். இதற்கோ உறிஞ்சப் பலமில்லை. தாய்க்கு அதை எடுத்து அணைக்க மனமில்லை.

"ஏன் இவ்வளவு சிறிசு? தாய் என்ன சாப்பிட்டவ?" என்று கேட்டாள்.

"நோன்பு புடிச்ச புள்ள அது," என்றாள் ஸக்கியா. அந்த நேரத்திலும் குரலில் சிறு பெருமை எட்டிப் பார்த்தது. "ஒன்டும் விடல்ல."

"ஓம். நோன்பு துறக்கேக்கை என்ன சாப்பிட்டவ?"



மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், பிறகு கஞ்சி, பிறகு சோறு. நாள் முழுக்கப் பசித்தவர்கள் அந்த நேரத்தில் அடுத்தவர் கோப்பையைப் பார்ப்பதில்லை. ஸக்கியா யோசித்துப் பார்த்தாள். மகள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தது நினைவிருந்தது. கஞ்சிக் கோப்பை கையில் இருந்தது நினைவிருந்தது. அது காலியானது? அவள் பார்த்ததே இல்லை. காலையில் கோழிகளுக்குக் கொட்டிக்கிடந்த கஞ்சிதான் நினைவுக்கு வந்தது. வேலைக்காரி மிச்சத்தைக் கொட்டியிருப்பாள் என்று எண்ணியிருந்தாள்.

"நான் நோன்பு புடிக்கல்ல," என்றாள் றலியா, கூரையைப் பார்த்தபடி. "எனக்குத் தின்ன ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

இராசமணி அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "உடம்பு விழுற மாதிரி மனமும் விழும் அம்மா. வயித்திலை பிள்ளை இருக்கேக்கையும் விழும். நான் கன பேரைக் கண்டிருக்கிறன். இவவை ஒருத்தரும் ஏசாதேங்கோ."

ஸக்கியா கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பது நாள் வரை அவள்தான் குழந்தையைப் பார்த்தாள். திரியை நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டாள். தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தாள். குழந்தையின் உயிர் தங்கியது. ஆனால் விளக்கைக் காட்டினால் கண் நகர நேரமெடுத்தது, சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை. ஊர் மறுபடி பேசத் தொடங்கியது. அவ்வளவு நோன்பு பிடித்தவளுக்குப் பெற்ற பிள்ளையைத் தூக்க மனமில்லையாம். ஸக்கியா கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். உண்மையைச் சொன்னால், தான் வீடு வீடாகப் பரப்பிய பெருமையைத் தானே திருப்பி வாங்கவேண்டும். அதற்கு நாக்கு வரவில்லை.

நாற்பதாம் நாள் தெல்தெனியவிலிருந்து றவூபின் அக்கா ரபீகா வந்தாள். அக்காவை அவர்கள் தாத்தா என்றே அழைப்பார்கள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது, பாலும் இருந்தது. கைரியாவும் இன்னும் சில பெண்களும் கூடத்தில் இருந்தார்கள்.

"புள்ளய நான் கொண்டு போறேன் மாமி," என்றாள் ரபீகா. "பெத்தவ ஒருக்காலும் தூக்கல்ல. கல்லு மனசுக்காரிக்கிட்ட என்னத்துக்கு விட்டு வெக்கணும்? என்ன தம்பி, நீ செல்லு."

றவூப் தரையைப் பார்த்தான். அறைக்குள் றலியாவுக்கு எல்லாம் கேட்டது. போகட்டும் என்றே முதலில் நினைத்தாள். பிறகு, போய்விட்டால் அந்த முனகலும் கேட்காதே என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே புதிதாக இருந்தது. எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கைரியா பெருமூச்சு விட்டாள். "அவ்வளவு நோன்பு புடிச்ச புள்ளக்கி ஏன் இப்பிடி..."

"அவ நோன்பு புடிக்கல்ல," என்றாள் ஸக்கியா.

குழந்தையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான்தான் ஊரெல்லாம் செல்லித் திரிஞ்சேன். பொய். அது நோன்பில்ல, நோவு. ஏலா ஏலாண்டு அவ எனக்குச் செல்லிச் செல்லிப் பாத்தா. நான் ஏசினேன். மறுகா நோன்பு வந்திச்சி, நீங்க எல்லாரும் மெச்சினீங்க, எனக்கு நல்லா ஈந்திச்சி. அவ பட்டினி கெடந்தா, வயித்தில இதுவும் பட்டினி கெடந்திச்சி. கல்லு மனசு யாருக்கு ரபீகா? எனக்குத்தான். எடுத்துப் போறதெண்டா என்னை எடுத்துப் போ. புள்ளய அவக்கிட்ட இருந்து எடுக்காதே."

கைரியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். ரபீகா தம்பியைப் பார்த்தாள்.

"நானும்தான் மெச்சினேன் தாத்தா," என்றான் றவூப் மெதுவாக. "கடையில நின்டு. புள்ள இங்கயே ஈக்கட்டும்."

ரபீகா அன்று பகல் வண்டியிலேயே திரும்பினாள். போகுமுன் குழந்தைக்கு ஒரு தரம் பால் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

எல்லாரும் போனபின் ஸக்கியா அறைக்குள் வந்து, குழந்தையை மகளின் மடியில் வைத்து, அவள் தோளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். றலியாவின் தோள் அசையவில்லை.

"அவங்களுக்கெல்லாம் செல்லிட்டீங்க," என்றாள். "எனக்குச் செல்லல்லயே உம்மா."

ஸக்கியா கையை எடுத்தாள். தரையில் இறங்கி மகளின் காலடியில் உட்கார்ந்தாள். "என்னை மாப்புச் செய்யி மகள்..."

மடியில் குழந்தை வாயைக் குவித்தது. பிடிக்கத் தெரியாமல் விட்டது. றலியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்து குழந்தையின் போர்வையில் விழுந்தது. மாதக்கணக்கில் வராத கண்ணீர்.

"இப்ப வேணாம் உம்மா," என்றாள். "கொஞ்ச நாள் போகட்டும்."

ஸக்கியா தலையை ஆட்டினாள். எழுந்து போகவும் இல்லை. மேலும் கேட்கவும் இல்லை. சற்றுக் கழித்து, குழந்தையின் தலை சரியாமல் இருக்கத் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்தாள். றலியா அந்தக் கையை விலக்கவில்லை.