இலைப்பரப்பு ஏறிய நாள்

"வீல்ல்ல்ல்...!"

டெலிபோன் ரிசீவரை நழுவவிட்டு அலறினாள் யூலியா.

பாலங்காராயா வன அளவை மையமே எழுந்து நின்றது. கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார் இயக்குநர் சுகியார்த்தோ.

"என்னம்மா ஆச்சு?"

"ராம்லி... எரிஞ்ச காட்டுல... மண்டை உடைஞ்சு கிடக்காராம் பாக்!" அந்த ஊரில் 'ஐயா'வுக்குப் 'பாக்'.

"ஐயய்யோ! உசிரு?"

"போயிடுச்சாம்!"

இயக்குநர் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கவலையோடு கேட்டார்.

"நாளைக்கு அமைச்சகத்துக்காரங்க மீட்டிங் தள்ளிப்போயிடாதே?"

ராம்லி பெரணிச் செடிகளுக்கு நடுவே கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஒரு கட்டை. முக்காலியின் மேல் அவருடைய கேமரா வானத்தை வெறித்தபடி இருந்தது.

இன்ஸ்பெக்டர் நஹான் கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"இது எதைப் படம் பிடிக்குது?"

"வானத்தை பாக்" என்றான் கான்ஸ்டபிள். "மணிக்கொரு படம் தானா எடுத்து ஆபீசுக்கு அனுப்பிடும். அங்க கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுடும்."

"செத்தவன் தரையில. கேமரா வானத்துல. உருப்பட்ட மாதிரிதான்!"

அன்று சாயங்காலமே யூலியாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ராம்லிக்கும் உனக்கும் ஆகாதாமே?"

"தினம் சண்டைதான் பாக். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கு... அதான் எங்க வேலை. நான் சாட்டிலைட் படத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அவர் காட்டுக்குள்ள போய், வானத்தை இலை எவ்வளவு மறைக்குதுன்னு படம் பிடிச்சுச் சொல்லுவார். அந்தக் காட்டுக்கு எனக்கு ஆறு வந்துச்சு. அவருக்கு ஒண்ணு!"

"யாரு சரி?"

"அவருதான்..." என்றாள் யூலியா. "மரமெல்லாம் எரிஞ்சு போச்சு. மிச்சக் கட்டை மேல கொடியும் பெரணியும் மூடிக் கிடக்கு. மேலேருந்து பார்த்தா எல்லாமே பச்சை!"

"ஆக, அவர் வாயைத் திறந்தா உன் மானம் போகும். போட்டுத் தள்ளிட்டே!"

"இல்ல பாக்! என் கணக்கு தப்புன்னு மீட்டிங்ல நானே சொல்றதா அவருகிட்ட ஒத்துக்கிட்டேன்!"

"சாட்சி?"

"ராம்லி..."

"பேஷ்! கூப்பிடு, விசாரிச்சுடலாம்!"

கையில் விலங்கு விழுந்தது. ஸ்கூல் வாசலில் மகள் காத்துக்கொண்டிருப்பாள். அப்பாவும் இல்லாத குழந்தை. இனி அம்மாவும் ஜெயிலில்! செய்யாத கொலைக்கு இப்படியா?

மறுநாள் மீட்டிங். ஜகார்த்தா விருந்தாளிகளுக்குப் பிரம்புக் குருத்துக் குழம்பு மணத்தது. எல்லாம் தயார்... ஆனால் கம்ப்யூட்டர் திறக்கவில்லை! பாஸ்வேர்டு யூலியாவிடம்!

இயக்குநர் ஸ்டேஷனுக்கு போன் போட்டார்.

"அவளைக் கொஞ்சம் அனுப்புங்க இன்ஸ்பெக்டர். மீட்டிங் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்."

இரவல் குடை கேட்பது போலக் கேட்டார். அனுப்பினார்கள். நஹானும் கூடவே வந்தார், குழம்பு வாசனை அப்படி!

விலங்கு மாட்டிய கைகளால் யூலியா விசையைத் தட்ட, திரையில் ஒரு வட்டப் படம் விரிந்தது. கறுப்பும் வெள்ளையுமாய்.

"அமரர் ராம்லியோட கேமரா அன்னிக்கு எடுத்த படம்!" இயக்குநர் உருகினார். "ஒண்ணா இருந்த இலைப்பரப்பு ஒரே மணி நேரத்துல நாலு! எரிஞ்ச காடு முழுசா மீண்டுடுச்சு!"

"ஒரு மணி நேரத்துல அவ்வளவு இலையா?" ஒரு விருந்தாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க மண்ணு அப்படி பாக்!"

கைதட்டல்!

யூலியா மட்டும் தட்டவில்லை. திரையையே பார்த்தாள். வட்டத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புத் திட்டு...

"இன்ஸ்பெக்டர்... இது இலை இல்ல!"

"பின்னே?"

"வானம் தவிர எது தெரிஞ்சாலும் கம்ப்யூட்டர் கறுப்பாக்கி இலைன்னு எண்ணிடும். இங்க யாரும் படத்தைப் பார்க்கறதில்ல, எண்ணைத்தான் பார்ப்பாங்க. கலர் படத்தைத் திறக்கறேன்!"

"வேண்டாம்மா, நேரமாச்சு..." இயக்குநர் சொல்லி முடிப்பதற்குள் தட்டிவிட்டாள்.

திரை முழுக்க இயக்குநர் சுகியார்த்தோ!

தலைக்கு மேல் ஓங்கிய கட்டையோடு!

ராம்லி மட்டும் படத்தில் இல்லை.

"அது... அந்தக் கேமரா மேலதானே பார்க்கும்?" இயக்குநர் பின்வாங்கினார்.

"மீன்கண் லென்ஸ் பாக்! சுத்திலும் அடிவானம் வரைக்கும் பிடிக்கும். அதனாலதான் படம் எடுக்கிற நேரம் வந்தா நாங்க லென்ஸுக்குக் கீழே குந்திடுவோம். ராம்லியும் அப்படிக் குந்தினதாலதான் படத்துல இல்ல. காட்டுக்கு வர்ற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்!"

காட்டு அளவை மையத்தின் இயக்குநர் பல வருஷமாகக் காட்டுப் பக்கம் போனதில்லை. போனது ஒரே ஒரு தடவை!

"காடு மீண்டுடுச்சுன்னாதான் எனக்கு ஜகார்த்தா பதவி!" இயக்குநர் வெடித்தார். "அதைக் கெடுக்கப் பார்த்தான் பாவி!"

நஹான் யூலியாவின் விலங்கைக் கழற்றினார். "மன்னிச்சுக்கம்மா. போய்க் குழந்தையைக் கூட்டிக்க." அவள் அழுதுகொண்டே ஓடினாள்.

அதே விலங்கு இயக்குநரின் கையில் ஏறியது.

"எங்க ஜெயில் முற்றத்துல ஒரு மரம்கூட இல்ல பாக்" என்றார் நஹான். "நீங்க போய் நின்னாப் போதும்... காடுன்னு கணக்குல வந்துடும்!"