ஈர சிமெண்ட்

"தேஜூ... கதவைத் திற! தேஜூ!"

ப்ரீத்தி பாத்ரூம் கதவைப் படபடவென்று தட்டினாள்.



உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்...

2004 டிசம்பர். புனே, கராடி. ஞாயிற்றுக்கிழமை காலை. கோயமுத்தூர் ப்ரீத்தியும் சென்னை தேஜஸ்வினியும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஒரே வாடகை ஃப்ளாட்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்தார் வீட்டுக்காரர் பாஸ்கர். தோளால் மோதினார். தாழ்ப்பாள் தெறித்தது.

ப்ரீத்தி வீறிட்டாள்!

ஈரத் தரையில் தேஜஸ்வினி. பக்கத்தில் உருண்டு கிடந்த சோப்பு டப்பா. சுவரில் கேஸ் கீசர் இன்னும் நீலமாய் எரிந்துகொண்டிருந்தது.

"அரே பாப்ரே!" பாஸ்கர் கீசரை அணைத்தார்.

கட்டிலின் மேல் தேஜஸ்வினியின் செல்போன் அலறியது. திரையில் 'அம்மா'.

சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள் அந்த அம்மா. ஸ்டேஷனுக்குப் போகத்தான் மகள் சீக்கிரம் குளிக்கப் போனாள்.

ப்ரீத்தி போனை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வாள்?

சப்-இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ் வந்தார். புனே பக்கத்து தேஹு ரோடில் பிறந்து வளர்ந்த தமிழர். குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். செத்த முகம் மாதிரியே இல்லை. கன்னம் இரண்டும் ரோஜா நிறம்.

"ஹார்ட் அட்டாக்கா இருக்கும் சார்," என்றார் பாஸ்கர். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க நேரத்துக்குச் சாப்பிடறதே இல்ல..."

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார், மக்கான் மாலிக். வீட்டுக்காரன்."

"அப்ப மக்கானைப் பத்தி மட்டும் பேசுங்க."

கோவிந்தராஜ் நிமிர்ந்தார். கீசருக்கு மேலே, சுவரில் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது.

"அங்க என்னம்மா இருந்துச்சு?"

"வெண்டிலேட்டருங்க சார்!" ப்ரீத்தி திகைத்தாள். "நேத்து காலைல நான் குளிக்கிறப்பகூட இருந்துச்சுங்க. அப்புறம் ரெண்டு பேரும் வெளிய போயிட்டோம்..."

"ஜூட்! பொய்!" பாஸ்கர் குறுக்கே பாய்ந்தார். "போன வருஷமே அடைச்சாச்சு சார். புறாத் தொல்லை."

கோவிந்தராஜ் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார். சதுரத்தில் விரலை அழுத்தினார்.

விரல் உள்ளே போனது!

"போன வருஷத்து சிமெண்ட் இன்னுமா காயல?"

பாஸ்கரின் முகம் வெளுத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். ஜன்னலே இல்லாத ஓர் அறை. உள்ளே ஒற்றைக் கட்டில், ட்யூப் லைட்.

அதற்குள் மாநகராட்சியின் கட்டட இன்ஸ்பெக்டர் ஜெயசீலனும் வந்துவிட்டார். கோவிந்தராஜ்தான் போன் போட்டு வரவழைத்திருந்தார். அயர்ன் கலையாத சட்டை. நெற்றியில் கோபம்.

"சார், பிளான்ல இந்த இடத்துல ரூமே கிடையாது. காத்துக்காக விட்ட சந்து. மேல ஸ்லாப் போட்டு, வாடகைக்கு விட ரூமாக்கிட்டான் இந்த ஆளு! பாத்ரூம் வெண்டிலேட்டர் ரூமுக்குள்ள திறந்தா குட்டு வெளிப்பட்டுடுமே... அதான் அடைச்சிருக்கான்."

"அதனால?"

"காத்துப் போக வழியில்லாத இடத்துல கீசர் எரிஞ்சா விஷவாயு, சார். வாசனையே இருக்காது. செத்தவங்க முகம்கூட ரோஜா நிறமாத்தான் இருக்கும். நாளைக்கு நான் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றதா இருந்தேன். ஒரே ஒரு நாள் முந்தியிருந்தா..."

ப்ரீத்தி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"புகார் கொடுத்தது நாந்தானுங்க. அந்த ரூமைப் பத்தி ஜெயசீலன் சாருகிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா... தேஜூ இருந்திருப்பாளுங்க."



பாஸ்கர் மெல்ல ஜெயசீலனின் பக்கத்தில் போனார்.

"சார்... நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை..."

"தள்ளி நில்லுய்யா!" ஜெயசீலன் சீறினார். "கோவிந்தராஜ், இவனையெல்லாம் விடாதீங்க. மொதல்ல உள்ள தள்ளுங்க!"

பாஸ்கர் அவரையே வெறித்தார். மறுநொடி வெடித்தார்!

"என்னையா உள்ள தள்ளச் சொல்றே? நாளைக்கு இன்ஸ்பெக்ஷன், அதுக்குள்ள அந்த ஓட்டையை அடைச்சுடுன்னு போன் பண்ணது யாருடா? நீதானேடா! புகார் கொடுத்தது இந்தப் பொண்ணுதான்னு பேரைச் சொன்னதும் நீதானேடா!"

ப்ரீத்தியின் தலை நிமிர்ந்தது.

"பேரு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே, சார்..."

ஜெயசீலன் அவளைப் பார்க்கவில்லை.

"பொய்! மாட்டிக்கிட்டதும் உளர்றான்!"

"பொய்யா? மேஸ்திரியை அனுப்பினதே நீதானே! கீழ நிக்கிறான் சார், மிச்சப் பூச்சு வேலையை முடிக்க. கூப்பிட்டுக் கேளுங்க!"

கோவிந்தராஜ் பால்கனிக்குப் போய் மராத்தியில் குரல் கொடுத்தார். கரண்டியும் கையுமாக மேஸ்திரி படியேறி வந்தான். அறையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஜெயசீலனைக் கண்டதும் சலாம் வைத்தான்.

மராத்தியில் ஏதோ சொன்னான்.

கோவிந்தராஜ் நிதானமாக ப்ரீத்தியின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றான்னு புரிஞ்சுதாம்மா? 'சாஹேப் சொன்ன மாதிரியே காத்துகூடப் புகாம அடைச்சுட்டேன், வந்து பாருங்க'ங்கறான்."

ப்ரீத்தி எழுந்தாள். ஜெயசீலனின் முன்னால் போய் நின்றாள். அறைவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அவள் அறையவில்லை. விடாமல் அடித்துக்கொண்டிருந்த தேஜஸ்வினியின் செல்போனை அவர் கையில் திணித்தாள்.

"அவங்கம்மா. நீங்களே சொல்லுங்க."

ஜெயசீலனின் கையிலிருந்து போன் நழுவித் தரையில் விழுந்தது. அப்போதும் அது நிற்கவில்லை.

கோவிந்தராஜ் குனிந்து அதை எடுத்தார்.

"இதை நான் பேசிக்கிறேன்," என்றார். பச்சைப் பொத்தானை அழுத்தினார். பிறகு பேசினார். மறுமுனையில் எழுந்த கதறல் அறை முழுக்கக் கேட்டது.

கீழே ஜீப் காத்திருந்தது. பாஸ்கர் பேசாமல் ஏறிக்கொண்டார். ஜெயசீலன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முரண்டு பிடித்தார்.

"நான் கவர்ன்மெண்ட் சர்வண்ட்! டியூட்டில இருக்கேன், தெரியும்ல?"

"அதுக்கென்ன சார்?" கோவிந்தராஜ் அவர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். "டியூட்டியை விடாதீங்க. எங்க லாக்கப்பை இதுவரைக்கும் யாருமே இன்ஸ்பெக்ட் பண்ணதில்ல... உள்ள இருந்தே பண்ணுங்க!"