மழைக்கிணற்றுப் பாட்டு

பெரினா சாவியில் ஆலிவ் எண்ணெய் தடவி மறுபடி திருப்பினாள். கதவு முனகிக்கொண்டே வழிவிட்டது. உள்ளே வெள்ளைக்கல் பாவிய முற்றம், சுற்றிலும் உயர்ந்த சுவர்கள், நடுவே இரும்பு மூடி போட்ட மழைக்கிணறு.

"பாத்தியா ஷிமே? மணி பன்னெண்டே கால். ஊரே வெயில்ல கொளுத்துது, இங்க மட்டும் நிழல்."

"வர்ற கிழடுங்க எல்லாம் இங்கயே படுத்துத் தூங்கிடும்க்கா. அடுத்த ஊருக்கு யாரைக் கூட்டிட்டுப் போவ?" என்றான் தம்பி.

சுற்றுலாப் பயணிகளுக்காகப் பெரினா திட்டமிடும் மூன்று நாள் பயணம் அது. சாதர் நகரில் தொடங்கி, கடற்கரையோரப் பழைய ஊர்கள் வழியாக ஸ்ப்ளிட் நகரில் முடியும். இந்தச் சின்ன ஊருக்கு இரண்டு மணி நேரம். துறைமுக வாசலிலிருந்து பதினொரு மணிக்கு நடக்கத் தொடங்கினால், தேவாலயச் சதுக்கத்துக்கு வரும்போது கல்தரை காலைச் சுடும். அங்கிருந்து நாற்பது அடியில் ஒரு நிழல் வேண்டும். நிழலில் நிற்பவர்களுக்குப் பார்க்க ஒன்று வேண்டும். கிணற்றுக்குள் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் போதும். அதற்கு யாராவது வற்றிக் கிடந்த கிணற்றில் இறங்கி, சேற்றை வாரிவிட்டு, சுவரில் கொக்கி அடிக்க வேண்டும்.

இந்த ஊரில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழை கல்வாய்க்கால் வழியே ஓடி, மணலில் வடிந்து, கிணற்றில் சேரும். கிணற்றின் வாய் ஓர் ஆள் நுழையும் அகலம்தான். அடியிலோ ஓர் அறை அளவுக்கு விரியும். இறங்கியவன் இரண்டடி ஒதுங்கினால் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதனால்தான் இறங்குகிறவன் நிறுத்தாமல் பாட வேண்டும் என்பது வழக்கம். சேற்றைக் கிளறும்போது மூக்குக்கே தெரியாத கெட்ட காற்று கிளம்பலாம். மயக்கம் வருமுன் குரல் தடுமாறும். பாட்டு நின்றால் மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்வரை இழுக்கவே கூடாது. எதிர்பாராமல் இழுத்தால் மண்டை கல்லில் மோதும்.

மூடியைத் தள்ளிவிட்டு, காற்றைச் சோதிக்க மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்தார்கள். சுடர் அசையாமல் எரிந்தது. ஷிமே இடுப்பில் கயிற்றைக் கட்டி, மேலிருந்த இரும்புச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு, கைவிளக்கோடும் மண்வெட்டியோடும் இறங்கினான்.

"நீ பாடினா உள்ள இருக்கிற தவளை செத்துடும்டா!"

"அதுக்கும் சேத்து நீதான் அழணும்!" என்று கீழிருந்து எதிரொலித்தது.

அவன் கல்யாணப் பாட்டு ஒன்றைத் தொடங்கினான். இருபது வருடமாகப் புகைப்பவன். ஒரு வரிக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினான். சுருதியும் சேரவில்லை. பெரினா சிரித்துக்கொண்டே கிணற்று விளிம்பில் தாளை விரித்து நேரங்களைக் குறித்தாள். பன்னிரண்டேகால், முற்றம். ஒன்று, மீன் சாப்பாடு.

மூன்றாவது முறையாகப் பாட்டு முதலிலிருந்து வந்தது. ஈரக்கல்லின் வாசனை குளிர்ச்சியாக மேலே ஏறியது.

மண்வெட்டிச் சத்தம் எப்போது நின்றது?

"ஷிமே, கொக்கி அடிச்சிட்டியா?"

பதில் இல்லை. பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவன் எந்தக் கேள்விக்கும் பதிலுக்குக் கேலி பேசாமல் விட்டவனே அல்ல. கீழே விளக்கொளி ஒரே இடத்தில் கிடந்தது. பெரினா கிணற்றுக்குள் குனிந்து காது கொடுத்தாள். அவன் குரல்தான். ஆனால் சுருதி துல்லியமாகச் சேர்ந்திருந்தது. ஒரு வரி முடியுமுன் அடுத்த வரி வந்தது.

நடுவில் இடைவெளியே இல்லை.

கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிணம் மாதிரி கனத்தது.

"பார்த்துல் மாமா! ஓடி வாங்க!"

எதிர்வீட்டுக் கிழவர், பழைய படகோட்டி, கழுத்தில் சாப்பாட்டுத் துணியோடு ஓடிவந்தார். கயிற்றைப் பிடித்தவர் பாட்டைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? அவன்தான் பாடுறானே! இப்ப இழுத்தா தலை சிதறிடும்டீ."

"பாடுறது அவன் இல்ல மாமா."

"பின்ன யாரு, உங்க அப்பனா?"

அவள் அவர் கையைப் பிடித்து விளிம்புக்கு இழுத்தாள். "கேளுங்க. மூச்சு வாங்காமப் பாடுது. ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் நடுவுல மூச்சே இல்ல. மனுஷன் அப்படிப் பாட முடியுமா?"

கிழவர் குனிந்து கேட்டார். ஒரு வரி. இன்னொரு வரி. இன்னொன்று.

அவர் முகம் வெளுத்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

இருவரும் இழுத்தார்கள். சக்கரம் கிரீச்சிட்டது. கீழே பாட்டு அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை.

ஷிமேயின் தலை வெளிச்சத்துக்கு வந்தது.

உதடுகள் நீலமாக, இறுக மூடியிருந்தன.

அவன் காலுக்குக் கீழே, இருட்டில், அவன் குரல் பாடிக்கொண்டிருந்தது.

கல்தரையில் கிடத்தினார்கள். பெரினா அவன் நெஞ்சை அழுத்தினாள், வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதினாள், அறைந்தாள், மறுபடி ஊதினாள். கடைசியில் அவன் இருமினான். அந்த நொடியில் கிணற்றுக்குள் பாட்டு நின்றது.

"எவ்வளவு நேரம்டா பாடின?" என்றாள் காதருகே குனிந்து.

"ஒரு தடவைகூட முடிக்கலக்கா..." அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "தலை சுத்துச்சு. உன்னைக் கூப்பிட வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள பக்கத்துல யாரோ... நான் விட்ட எடத்துலேருந்து பாட ஆரம்பிச்சாங்க."

பார்த்துல் மூடியை இழுத்துப் போட்டார். மேலே இரண்டு கற்பலகைகளைத் தூக்கி வைத்தார். ஷிமேயைத் தோளில் தாங்கிக்கொண்டு இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். பயணத் தாள் விளிம்பிலேயே கிடந்தது. அதை எடுக்க பெரினா திரும்பவில்லை.

வாசற்படியில் கால் வைத்தபோது, மூடிக்கு அடியில் பாட்டு தொடங்கியது.

அதே கல்யாணப் பாட்டு. ஷிமேயின் குரல். முதல் வரி பாதியில் நின்றது.

பிறகு கரகரவென்று, ஒரு புகைப்பவனைப் போல, அது மூச்சு வாங்கியது.