போறேன்னு சொல்லுங்க

கல்லில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மையை ஒற்றிக் கல்வெட்டைப் படியெடுப்பது என் பிழைப்பு. முப்பது வருடம் செத்தவர்களின் எழுத்தோடு குடித்தனம் நடத்தியவனிடம் பேய் என்றால் சிரிப்புதான் வரும். சிரித்துக்கொண்டேதான் அந்தப் பாழடைந்த தலைநகரத்துக்கும் போனேன். பணி ஓய்வுக்கு முன் அதுதான் கடைசிக் கல். அடுத்த வாரம் மகள் வீட்டுக்கே குடிபோவதாக ஏற்பாடு. அவளுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அரண்மனை இருந்த இடத்தில் வெறும் புல். கோயில் மட்டும் பாதி நின்றது. கூரையில்லாத மண்டபம், வௌவால் வாடை. காவல்காரர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"சார், சிரிக்காதீங்க. கிளம்பறப்ப 'போறேன்'னு சொல்லுங்க. 'வரேன்'னு மட்டும் வாயில வந்துடக் கூடாது."

"என்னய்யா, அபசகுனமா பேசச் சொல்றீங்க?"

"இங்க அதுதான் சார் நல்லது."

கருவறைச் சுவரில் நாலே வரி. எதிரிப் படைக்குப் பயந்து ஊரைக் காலி செய்யுமுன் அரசர் வெட்டச் சொன்னது. 'நாம் திரும்பி வருவோம். அதுவரை விளக்கேற்றுகிறவள் இங்கேயே இருப்பாள்.' அதற்குக் கீழே கல் வெறுமையாக இருந்தது. பாவம், யாரும் வரவில்லை போலிருக்கிறது.

தாளைத் தட்டினேன். டப், டப், டப். நிறுத்தினேன்.

டப்.

சுவருக்கு அந்தப் பக்கம்.

திரி கருகும் வாடை வந்தது. பகல் நாலு மணிதான், ஆனாலும் முதுகு சில்லிட்டது. தாளைச் சுருட்டிக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன். படி தாண்டும்போது அந்தப் பாழும் பழக்கம் முந்திக்கொண்டது. மனைவி இருந்தவரை அவளிடம் சொன்னது. அவள் போய் மூன்று வருடமாகியும், பூட்டிய வீட்டைப் பார்த்துக்கூடச் சொல்லித் தொலைக்கிற வாய் இது.

"போயிட்டு வரேன்."

"சரி."

உள்ளேயிருந்து வந்தது. ஒரு பெண்ணின் குரல், வெகுநாள் பேசாமல் காய்ந்துபோன குரல்.

காவல்காரர் என் முகத்தைப் பார்த்தார். "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். இருட்டுக் கூடத்தில் அதே கருகல் வாடை.

"வந்துட்டீங்களா?"

ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. மூன்று வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அழுகை வந்துவிட்டது. வெட்கங்கெட்டவன், "வந்துட்டேன்" என்று பதிலும் சொன்னேன்.

ஒரு வாரம் அப்படியே ஓடியது. காலையில் "சரி", சாயங்காலம் "வந்துட்டீங்களா". முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் துணியவில்லை.

கிளம்புகிற அன்று மகள் போன் செய்தாள். "அப்பா, உங்க பேரன் இப்பதான் கண்ணு முழிச்சான். சீக்கிரம் வாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே பச்சைக் குழந்தை இருக்கிறது. இந்த உறவு இந்த வீட்டோடு முடிந்தாக வேண்டும்.

பெட்டியை வெளியே வைத்தேன். காவல்காரர் சொல்லிக்கொடுத்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"போறேன்."

முதல் முறையாக உள்ளிருந்து "சரி" வரவில்லை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டேன்.

கருகல் வாடை என் தோளுக்குப் பின்னால் வந்தது.

"இருங்க. நானும் வரேன்."