சூட்டறை வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

சூட்டறைக் கதவருகே ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. உள்ளே காய்வதற்காகப் பரப்பிய முளைகட்டிய பார்லியில் மண் படக்கூடாது என்று, இறங்குகிறவன் பூட்ஸை வெளியே கழற்றி வைப்பது, பீருக்கு மால்ட் செய்யும் மொராவியா ஆலைகளில் வழக்கம். பூட்ஸ் கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ரதோவன் மாஸ்டர் அவற்றைப் படிக்கட்டில் உதைத்துத் தள்ளினார். கதவைத் தாழிட்டு, பர்னரையும் விசிறியையும் போட்டார்.

“எந்தக் கழுதை விட்டுட்டுப் போச்சோ.”

மற்ற இரண்டு வேலையாட்களோடு கீழே நின்ற ஹினெக், உருண்டு வந்த பூட்ஸைப் பார்த்தான். “மாஸ்டர், நாங்க மூணு பேரும் பூட்ஸோடதான் நிக்கிறோம். அப்ப உள்ள யாரு?”

“உங்க பாட்டன். கதவைத் திறந்து சூட்டை வீணாக்கச் சொல்றியா? போய்க் குலாஷைக் கொட்டிக்கோங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

போனார்கள், தண்டங்கள். வெளியேறும் சூட்டையே மறுபடி உள்ளே திருப்பி எரிவாயுவை மிச்சப்படுத்தும் அவருடைய ஏற்பாடு அந்த மண்டைகளில் ஏறவே ஏறாது.

ஜனவரி மாலை இருட்டிவிட்டது. இந்நேரம் திரும்பி வரும் காற்று காய்ந்து, பிஸ்கட் மணத்தோடு வரவேண்டும். ஆனால் அது ஈரமாக, பச்சை முளையின் வெள்ளரிக்காய் வாசனையோடு, அதற்கும் அடியில் யாரோ ஒருவரின் புளித்த வியர்வை நாற்றத்தோடு, வந்து, நின்று, மறுபடி வந்தது. விசிறி ஒரு நொடியும் நிற்கவில்லை. கதவின் உட்புறம் மெத்து மெத்தென்று ஏதோ தட்டியது.

பிறகு தட்டவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

காயாவிட்டால் மொத்தமும் பாழ். ஹினெக் சிரிப்பான். அந்த மடையன் சிரித்து இவர் பார்ப்பதா? எல்லாவற்றையும் அணைத்தார். கதவைத் திறந்தார். பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு டார்ச்சோடு உள்ளே இறங்கினார்.

யாரும் இல்லை. நடுவிலிருந்து கதவை நோக்கி வெறுங்கால் தடங்கள். ஈரமாக. ஒன்றில் தன் காலை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. கட்டைவிரலின் கோணல்கூட.

“தறுதலைங்க விளையாட்டு,” என்றார்.

வெளியே ஏதோ படிகளில் உருண்டது. இன்னொன்றும்.

“எந்தக் கழுதை விட்டுட்டுப் போச்சோ.”

அவருடைய குரல்.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. ஓடினார். இரண்டு கையாலும் அறைந்தார்.

“டேய் ஹினெக்! நான்டா!”

கீழேயிருந்து ஹினெக் கேட்டான். “அப்ப உள்ள யாரு?”

“உங்க பாட்டன்,” என்றது வெளியே நின்ற குரல்.

காலடியில் துளைத்தகட்டுத் தரை மெல்லச் சூடேறியது.